ஏடிஎச்டி வரையறை: 1980 முதல் இன்றுவரை எது எங்கே நகர்ந்தது? பழைய அறிக்கையை எப்படி வாசிப்பது?

நெய்தல்மணி (சிறப்புக் கல்வி)

வளர்ந்தபிறகு ஏடிஎச்டி (கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு) மதிப்பீட்டுக்குப் போகிறவர்கள் சின்ன வயதில் எழுதிய அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒன்றில் "ஏடிடி" என்று மட்டும் இருக்கும். இன்னொன்றில் "எஃப் 90.0 பொருந்தவில்லை" என்றிருக்கும். மூன்றாவது, "கவனக்குறைவு மேலோங்கிய வகை" என்னும். மூன்றும் ஒரே ஆளைப் பற்றியதாக இருந்தால் எதை நம்புவது? எந்தப் பதிப்பில் எத்தனை அறிகுறி கேட்டார்கள், எந்த வயதுக்குள் என்றார்கள், எதை எங்கே மாற்றினார்கள் என்று எண்களோடு யாராவது எழுதுங்களேன். "பெயர்தான் மாறியது, சரக்கு ஒன்றுதான்" என்கிற பதிலை ஏற்கெனவே நிறையக் கேட்டாகிவிட்டது. அது உண்மையும் இல்லை.

வைகறை (மருத்துவ உளவியல்)

முதலில் அறிக்கையின் தேதி, அடுத்து எந்த நூலின்படி எழுதியது. இந்த இரண்டும் தெரியாமல் மூன்றாவது வரிக்கே போகக்கூடாது. நூல்கள் இரண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி மற்றொன்று. நம் ஊரில் குறியீட்டை ஐசிடியில் போட்டுவிட்டு, அறிகுறிகளை டிஎஸ்எம் பட்டியலை வைத்து எண்ணும் வழக்கம் உண்டு. பாதிக் குழப்பம் அந்தக் கலப்பில் வருவதுதான்.

1968-இல் வந்த டிஎஸ்எம்-2 இதற்கு ஒதுக்கியது ஓரிரு வரி. பெயர், சிறுவயதின் மிகையியக்க எதிர்வினை. அமைதியின்மை, ஓயாத ஓட்டம், கவனம் சிதறுதல், வளரிளம் பருவத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும், அவ்வளவுதான். எண்ணிக்கை கிடையாது, வயது வரம்பு கிடையாது. மருத்துவர் பார்த்துச் சொன்னதே முடிவு.

1972-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா டக்ளஸ் எழுதிய கட்டுரை திசையைத் திருப்பியது. ஓடுவதும் ஆடுவதும் மேலே தெரிவது, கவனத்தை நிலைநிறுத்த முடியாததும் சட்டென்று பாய்வதை அடக்க முடியாததும்தான் உள்ளே இருக்கும் சிக்கல் என்பது அவர் வாதம். 1980-இல் டிஎஸ்எம்-3 கவனத்தையே பெயரின் முதலில் வைத்தது அதன் தொடர்ச்சி. ஏடிடி (கவனக்குறைவுக் கோளாறு) என்ற பெயர் அப்போது பிறந்தது. மூன்று தனிப்பட்டியல்கள்: கவனக்குறைவில் 5-இல் 3, அவசரத்தனத்தில் 6-இல் 3, மிகையியக்கத்தில் 5-இல் 2. தொடக்கம் 7 வயதுக்கு முன், நீடிப்பு குறைந்தது 6 மாதம். மிகையியக்கம் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. ஒருகாலத்தில் இருந்து ஓட்டம் மட்டும் அடங்கிப்போனவர்களுக்கு "எச்ச வகை" என்று ஒன்று. வளர்ந்தவர்களுக்கு முதலில் கதவு திறந்தது இந்த எச்ச வகையில்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "மிகையியக்கம் இல்லாத" வகைக்கும் அவசரத்தனத்தில் 3 கட்டாயம். அப்படியானால் சத்தமில்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சன்னலைப் பார்க்கிற பிள்ளை எப்படித் தேறியது? அந்த அவசரத்தனப் பட்டியலை எடுத்துப் படித்தால் விடை கிடைக்கும். வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியாமை, அடிக்கடி மேற்பார்வை தேவைப்படுதல், ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுதல் ஆகிய மூன்றும் அன்று அவசரத்தனத்தின் கணக்கில் இருந்தன. அமைதியான பிள்ளையும் அந்த மூன்றைத் தொட்டுவிட முடியும். 1994-இல் "ஒழுங்குபடுத்த முடியாமை" கவனக்குறைவுப் பட்டியலுக்கு இடம் மாறியது. ஆகவே 1980-களின் அறிக்கையில் "அவசரத்தனம் உண்டு" என்று கண்டால், இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தெந்த உருப்படி குறிக்கப்பட்டது என்று தேடுங்கள்.

கருவேலன் (புள்ளியியல்)

1987-இன் டிஎஸ்எம்-3 திருத்தப் பதிப்பை யாரும் பேசுவதில்லை. கணக்குப் பார்க்கிறவனுக்கு அதுதான் மிக முக்கியமான பதிப்பு. மூன்று பட்டியலையும் கலைத்து 14 உருப்படிகள் கொண்ட ஒரே பட்டியலாக்கினார்கள். எவையேனும் 8 இருந்தால் போதும். ஏடிஎச்டி என்ற பெயரும் அப்போது வந்ததுதான்.

அந்த 14-ஐப் பிரித்துப் பாருங்கள். எளிதில் கவனம் சிதறுதல், சொன்னதை முடிக்காமை, தொடர்ந்து கவனிக்க முடியாமை, முடிக்காமலே அடுத்ததுக்குத் தாவுதல், காதில் வாங்காதது போலிருத்தல், பொருளைத் தொலைத்தல்: கவனம் சார்ந்தவை இந்த 6 மட்டும். நெளிதல், இருக்கையில் தங்காமை, முறை வரும்வரை காத்திருக்க முடியாமை, கேள்வி முடியுமுன் பதில், அமைதியாக விளையாட முடியாமை, மிகுபேச்சு, குறுக்கிடல், ஆபத்தை எண்ணாமல் இறங்குதல்: இவை 8.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. கவனச் சிக்கல் மட்டுமே உள்ள பிள்ளை ஆறையும் குறித்தாலும் 8-ஐத் தொடவே முடியாது. மறுபக்கம், கவனத்தில் ஒரு குறையும் இல்லாத பிள்ளை அந்த எட்டையும் காட்டினால் "கவனக்குறைவு" என்று பெயர் தொடங்கும் கோளாறு அதற்கு எழுதப்படும். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கு "வகைப்படுத்தாத கவனக்குறைவு" என்று ஒரு பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, அளவுகோல் எதுவும் தராமல் விட்டார்கள். 1987-க்கும் 1994-க்கும் இடையில் நடந்த ஆய்வுகளில் பெண்பிள்ளைகள் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்றே நான் கொள்கிறேன்.

பொன்வண்டு (பெற்றோர் ஆதரவுப் பணி)

அப்படியானால் 1987 முதல் 1994 வரை "ஏடிஎச்டி இல்லை" என்று வந்த அறிக்கைக்கு இன்று மதிப்பு இல்லையா?

கருவேலன்

உண்டு, ஆனால் முடிவுக்கு அல்ல, உருப்படிகளுக்கு. இணைப்பில் எதைக் குறித்தார்கள், எதை விட்டார்கள் என்ற தாள் இருந்தால் அது தங்கம். சின்ன வயதில், நேரில் பார்த்து எழுதியது அது. முடிவு வரியை அடித்துவிட்டு அந்தத் தாளை வைத்து இன்றைய பட்டியலில் திரும்ப எண்ணலாம். தாள் இல்லையென்றால் அந்த "இல்லை" எதையும் நிரூபிக்காது.

வைகறை

1994-க்கு வருகிறேன். டிஎஸ்எம்-4 இரண்டு பட்டியல் வைத்தது. கவனக்குறைவு 9, மிகையியக்கமும் அவசரத்தனமும் சேர்த்து 9 (அதில் 6 மிகையியக்கம், 3 அவசரத்தனம்). ஏதாவது ஒன்றில் 6 போதும். மூன்று உள்வகைகள் இதிலிருந்து வந்தன. கூடவே மூன்று பூட்டுகள்: பாதிப்பை உண்டாக்கிய சில அறிகுறிகள் 7 வயதுக்கு முன்பே இருக்க வேண்டும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் பாதிப்பு தெரிய வேண்டும், வாழ்க்கையில் தெளிவான பாதிப்பு இருக்க வேண்டும். ஆட்டிசத் தொகுதிக் கோளாறு இருந்தால் ஏடிஎச்டி எழுதக்கூடாது என்ற தடையும் இருந்தது. 2013-க்கு முந்தைய ஆட்டிச அறிக்கையில் ஏடிஎச்டி இல்லாமலிருப்பது அதனால்தான். பார்க்காமல் விட்டதாக இருக்க வேண்டியதில்லை, விதி எழுதவிடவில்லை.

ஐசிடி-10 அதே காலத்தில் வேறு பாதையில் போனது. அதன் ஆய்வு அளவுகோல் உருப்படிகளில் ஏறத்தாழ அதே 18-ஐத்தான் வைத்தது, ஆனால் மூன்று பெட்டியாக: கவனக்குறைவு 9-இல் 6, மிகையியக்கம் 5-இல் 3, அவசரத்தனம் 4-இல் 1. மூன்றும் வேண்டும். "மிகுபேச்சு" அமெரிக்கப் பட்டியலில் மிகையியக்கம், ஐசிடி-10-இல் அவசரத்தனம். பதற்றமோ மனச்சோர்வோ அளவுகோலை எட்டினால் அதையே முதன்மையாகப் பார்க்கச் சொன்னது. ஆக எஃப் 90 (அந்த நூல் வைத்த பெயர் மிகையியக்கக் கோளாறு) கிடைத்தவர்கள் எண்ணிக்கையில் சிறு கூட்டம், தீவிரத்தில் பெரியது.

நெய்தல்மணி கேட்ட மூன்று அறிக்கைகளுக்கு ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். கவனக்குறைவு 7, மிகையியக்கம் 2, அவசரத்தனம் 1 உள்ள பத்து வயதுப் பிள்ளை. 6 வயதிலேயே சிரமம் தெரிந்தது, வீட்டிலும் பள்ளியிலும் தெரிந்தது. டிஎஸ்எம்-4: கவனக்குறைவு மேலோங்கிய வகை. ஐசிடி-10: மிகையியக்கத்தில் 3 இல்லை, எஃப் 90.0 கிடையாது. மிகையியக்கமில்லாத கவனக்குறைவுக்கு அந்த நூல் கொடுத்த இடம் எஃப் 98.8, "பிற குறிப்பிட்ட" என்ற பெட்டி. அந்தக் குறியீட்டின் கீழ் நகம் கடித்தலும் மூக்கைக் குடைதலும் விரல் சூப்பலும் கூடவே இருக்கின்றன. பள்ளி அலுவலகத்தில் அந்தக் குறியீட்டைப் பார்த்தவர்கள் பொருட்படுத்தாமல் விட்டதில் வியப்பில்லை.

யாழ்நிலவன் (குழந்தை மனநலம்)

வைகறை மேடம் சொன்னதோடு ஒன்று. 1999-இல் வெளிவந்த அமெரிக்காவின் எம்டிஏ சிகிச்சை ஆய்வில் 579 பிள்ளைகள், எல்லோரும் டிஎஸ்எம்-4 கூட்டு வகை. அதாவது இரண்டு பட்டியலிலும் தேறியவர்கள். அந்தத் தரவையே பின்னர் ஐசிடி-10 அளவில் திரும்ப எண்ணியபோது, நான்கில் ஒரு பங்கினர்தான் மிகையியக்கக் கோளாறில் வந்தார்கள். இரண்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு என்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

பொன்வண்டு

இதெல்லாம் படித்தால் ஒவ்வொரு பதிப்பும் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்ததாகத்தான் தெரிகிறது. அமெரிக்காவில் 3 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 11.4 விழுக்காட்டினர் எப்போதாவது இந்த முடிவைப் பெற்றவர்கள் என்கிறது அவர்களின் நோய்த்தடுப்பு மையம், 2022 கணக்கு. எழுபது லட்சம் பிள்ளைகள். வரையறையைத் தளர்த்தியதன் விலைதானே இது?

கருவேலன்

பொன்வண்டு அக்கா, இரண்டு வேறு எண்களை இங்கே பிரிக்க வேண்டும். ஒன்று, மருத்துவர்கள் எழுதிய முடிவுகளின் எண்ணிக்கை. அது ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. இன்னொன்று, ஆய்வாளர்கள் ஊருக்குள் போய் ஒரே அளவுகோலை வைத்து எண்ணுவது. 2007-இல் உலக அளவிலான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 5.29 விழுக்காடு. ஆய்வுக்கு ஆய்வு இருந்த வேறுபாட்டில் பெரும்பகுதி முறைகளால் வந்தது: எந்த அளவுகோல், பாதிப்பைக் கேட்டார்களா, யாரிடம் தகவல் வாங்கினார்கள். 2014-இல் அதே குழு முப்பது ஆண்டுத் தரவைப் பார்த்து, முறையைச் சமன்செய்தால் ஏற்றம் இல்லை என்று காட்டியது.

எழுதப்படும் எண்ணிக்கை ஏன் ஏறுகிறது என்றால் வரையறைக்கு வெளியேயும் பாருங்கள். 1991-இல் அமெரிக்கக் கல்வித்துறை, இந்தப் பிள்ளைகளும் சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் உதவி பெறலாம் என்று தெளிவுபடுத்திச் சுற்றறிக்கை விட்டது. அதற்குமேல் ஒரு தாள் கையிலிருந்தால் பள்ளியில் உதவி கிடைக்கும் என்ற நிலை. டிஎஸ்எம்-4 அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் வந்தது.

பிறந்த மாதம் இன்னொன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளி சேர்க்கைக்கு டிசம்பர் 31 எல்லை. அங்கே டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடும் பெண்பிள்ளைகளுக்கு 70 விழுக்காடும் கூடுதலாக இந்த முடிவு எழுதப்பட்டிருந்தது. வகுப்பில் மிகச் சின்னப் பிள்ளை, ஏறத்தாழ ஒரு வயது மூத்தவர்களோடு ஒப்பிடப்படுகிறது. 1980 முதல் வந்த எல்லாப் பதிப்பும் "வளர்ச்சி நிலைக்குப் பொருந்தாத அளவு" என்ற பொருளில்தான் சொல்கிறது. அந்தச் சொற்றொடரைத் தாண்டிப் போவதால் வருவது இது. எந்தப் பதிப்பின் எண்ணிக்கையை மாற்றினாலும் தீராது.

வைகறை

அத்தனையும் சரி, ஆனால் 2013-ஐ இவ்வளவு எளிதாக விடமாட்டேன். டிஎஸ்எம்-5 தொடக்க வயதை 7-இலிருந்து 12 ஆக்கியதைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதற்கு நல்ல ஆதாரம் இருந்தது. டிஎஸ்எம்-4 களச் சோதனைத் தரவிலேயே கவனக்குறைவு வகையில் 43 விழுக்காட்டினருக்கு 7 வயதுக்கு முன் பாதிப்பு தெரியவில்லை. மிகையியக்க வகையில் அப்படி 2 விழுக்காடுதான். ஓடுகிற பிள்ளை எல்கேஜியிலேயே தெரிந்துவிடும். ஒழுங்குபடுத்த முடியாத பிள்ளை, பாடமும் வீட்டுப்பாடமும் பெருகும்போதுதான் தெரியும். 7 என்ற எண் முதல் வகையினரை மனத்தில் வைத்து எழுதியது.

கவனிக்க வேண்டியது அதே வாக்கியத்தில் சத்தமில்லாமல் மாறிய இன்னொன்று. பழையது: "பாதிப்பை உண்டாக்கிய சில அறிகுறிகள்" 7-க்கு முன். புதியது: "பல அறிகுறிகள்" 12-க்கு முன். பாதிப்பு என்ற சொல் அந்த நிபந்தனையிலிருந்து போய்விட்டது. இன்றைய பாதிப்பை இன்னொரு நிபந்தனை கேட்கிறது, ஆனால் அதுவும் முன்பிருந்த அழுத்தம் குறைந்து, செயல்பாட்டில் குறுக்கிடுவது அல்லது அதன் தரத்தைக் குறைப்பது என்ற அளவில் நிற்கிறது. கூடவே 17 வயதும் அதற்கு மேலும் 6-க்குப் பதில் 5 அறிகுறி போதும் என்றாயிற்று. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: நாற்பது வயது ஆள், இன்று 5 அறிகுறி, சின்ன வயதில் பல இருந்தன என்ற நினைவு, அன்று பாதிப்பு எதுவுமில்லை. டிஎஸ்எம்-4-இல் தேறமாட்டார், டிஎஸ்எம்-5-இல் தேறலாம்.

யாழ்நிலவன்

வயது வரம்பு மாற்றம் பிள்ளைகளிடத்தில் என்ன செய்தது என்று பிரிட்டனின் இரட்டையர் தொகுப்பில் முன்கூட்டியே சோதித்தார்கள். 12 வயதுக்குள் எண்ணிக்கை 0.1 விழுக்காடுதான் கூடியது. ஆகவே பிள்ளைகளில் அஞ்ச ஒன்றுமில்லை. பெரியவர்களிடத்தில் மேடம் சொல்வதை ஏற்கிறேன்.

நியூசிலாந்தின் டனெடின் ஆய்வு இங்கே பேசப்பட வேண்டும். 1972-73-இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்தார்கள். 38 வயதில் ஏடிஎச்டி அறிகுறி நிறைந்தவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சின்ன வயதுப் பதிவில் ஏடிஎச்டி இல்லை. 2015-இல் அது வந்ததும் "வளர்ந்தபின் தொடங்கும் ஏடிஎச்டி" என்று பலர் எழுதினார்கள். 2018-இல் எம்டிஏ ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவைப் படிப்படியாகச் சலித்துப் பார்த்தபோது, பிற்காலத்தில் தொடங்கியதுபோல் பட்டியலில் தெரிந்தவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் கழிந்துபோனார்கள். போதைப்பொருள், வேறு மனநலக் கோளாறு, பாதிப்பே இல்லாத அறிகுறிகள் ஆகியவையே காரணம். பட்டியலை மட்டும் எண்ணுகிறவர் எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான ஆதாரம் இல்லை.

நெய்தல்மணி

சரி, நடைமுறைக்கு வாருங்கள். எண்ணும்போது எங்கே தவறுகிறது?

வைகறை

பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் வாண்டர்பில்ட் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு உருப்படிக்கும் 0 முதல் 3. "அடிக்கடி", "மிக அடிக்கடி" ஆகிய 2, 3 மட்டுமே எண்ணிக்கையில் சேரும். 1-களைக் கூட்டி மொத்த மதிப்பெண் போட்டு "அதிகம்" என்று எழுதுவது முதல் தவறு. முதல் 9 கவனக்குறைவு, அடுத்த 9 மற்றது. எதிலாவது 6 வந்து, கடைசிப் பகுதியில் படிப்பு அல்லது உறவு சார்ந்த ஒன்றிலாவது 4 அல்லது 5 இருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியை நிரப்பாமலே படிவம் திரும்பி வருவது வாடிக்கை. அது இல்லாமல் மேலே உள்ள பதினெட்டும் அறிகுறி, நோயாகாது.

அடுத்தது ஆசிரியரும் பெற்றோரும் கொடுப்பதை எப்படிச் சேர்ப்பது. அம்மா 4 உருப்படி, ஆசிரியர் வேறு 3 உருப்படி குறித்தால் இரண்டையும் கூட்டி 7 என்பவர்கள் உண்டு. யாராவது ஒருவர் குறித்தால் போதும் என்ற முறை ஆய்வுகளில் இருக்கிறது. ஆனால் அதோடு "இரண்டு இடத்திலும் பல அறிகுறிகள்" என்ற நிபந்தனையைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். கூட்டிய எண் அதற்கு விடையாகாது. எந்த முறையில் சேர்த்தார்கள் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினால், அடுத்து வாசிப்பவருக்குப் பெரிய உதவி.

மூன்றாவது, காலம். ஜூன் முதல் வாரத்தில் புது வகுப்பாசிரியரிடம் படிவம் கொடுத்துப் பயனில்லை. பிள்ளையை அவர் சில வாரமாவது பார்த்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் பெற்றோர் நிரப்புவதும் பள்ளி நாளின் படத்தைத் தராது.

பெரியவர்களுக்கு ஏஎஸ்ஆர்எஸ் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் படிவம் பரவலாக ஓடுகிறது. அதன் முதல் 6 கேள்விகளில் 4 நிழலிட்ட கட்டத்தில் விழுந்தால் "மேலே பார்க்க வேண்டும்" என்றுதான் பொருள். அதையே முடிவாக எழுதுவது தவறு. தூக்கம், தைராய்டு, பதற்றம், மது எல்லாம் அந்த ஆறையும் நிரப்பும். பள்ளி மதிப்பெண் அட்டையில் வகுப்பாசிரியர் எழுதிய குறிப்பு, கூடப் பிறந்தவரின் சொல், ஏதாவது ஒரு வெளி ஆதாரம் வேண்டும். டிஎஸ்எம்-5-இன் விளக்கமே, சின்ன வயது பற்றிய பெரியவர்களின் நினைவு நம்பகமற்றதாக இருக்கக்கூடும் என்கிறது.

பொன்வண்டு

இந்தியாவில் இன்னொரு சிக்கல். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் 21 நிலைகள் இருக்கின்றன. ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டி தனியாக இல்லை. அதனால் சான்றிதழ் வேண்டும் என்பதற்காகவே வேறு பெயரை முன்னால் எழுதிவிடுகிறார்கள். வரையறையை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும், உதவி கிடைக்கும் பெயரை நோக்கி எழுத்து சாயும். இதைக் கடுமையாகவே சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பத்தாண்டு கழித்தும் தொல்லை தருவது இதுதான்.

கருவேலன்

அதனால்தான் அறிக்கையில் உருப்படிகள் இணைப்பாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பெயர் சாய்ந்தாலும் குறித்த கட்டங்கள் சாயாது.

நெய்தல்மணி

கடைசியாக ஒன்று. ஐசிடி-11-இல் எத்தனை அறிகுறி?

யாழ்நிலவன்

எண்ணே இல்லை. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. எஃப் 90 போய் 6ஏ05 வந்தது. மிகையியக்கக் கோளாறு என்ற பெயரை விட்டு ஏடிஎச்டி என்றே வைத்துக்கொண்டார்கள். 6ஏ05.0 கவனக்குறைவு மேலோங்கியது, 6ஏ05.1 மிகையியக்கமும் அவசரத்தனமும் மேலோங்கியது, 6ஏ05.2 கூட்டு. வைகறை மேடம் சொன்ன உதாரணப் பிள்ளைக்கு இப்போது எஃப் 98.8-இன் மூலையில் ஒதுங்க வேண்டியதில்லை, 6ஏ05.0 நேராகக் கிடைக்கும். தொடக்கம் 12 வயதுக்கு முன். ஆட்டிசத்தோடு சேர்த்து எழுதலாம். அறிகுறிகள் "பல" என்று சொல்லிவிட்டு, வயதுக்கும் அறிவு வளர்ச்சிக்கும் எதிர்பார்ப்பதைத் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும், பாதிப்பு இருக்க வேண்டும் என்று மருத்துவரின் கையில் விட்டுவிட்டது.

அந்தச் சுதந்திரம் நல்லதா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 5-ஆ 6-ஆ என்று ஓர் அறிகுறியில் ஆளைத் தள்ளாமலிருக்க உதவும். ஆனால் இரண்டு மருத்துவர்கள் எழுதியதை ஒப்பிட அடித்தளம் இருக்காது. நான் பரிந்துரைப்பது: முடிவை 6ஏ05 குறியீட்டில் எழுதுங்கள், அதன் கீழே டிஎஸ்எம்-5 உருப்படி எண்ணிக்கையை வீடு, பள்ளி அல்லது வேலையிடம் என்று தனித்தனியாகப் போடுங்கள். தகவல் தந்தவர் யார், எந்த மாதம், தொடக்க வயதுக்கு என்ன ஆதாரம், வகுப்பில் பிள்ளையின் வயது வரிசை எங்கே என்று நான்கு வரி சேருங்கள். உள்வகையை நிரந்தர முத்திரையாக எழுதாமல் "இன்றைய தோற்றம்" என்று தேதியோடு எழுதுங்கள். தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் பிள்ளைகள் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தார்கள், 2013-இல் உள்வகை என்பதை விட்டுத் தோற்றம் என்று மாற்றியதே அதனால்தான்.

நெய்தல்மணி

என் கையிலுள்ள மூன்றில் இரண்டில் உருப்படித் தாள் இருக்கிறது. மூன்றாவதில் முடிவு வரி மட்டும். எழுதிய இடத்தில் மூலக் கோப்பைக் கேட்கலாமா?

வைகறை

எழுத்தில் கேளுங்கள். தேதி, பதிவு எண், "அளவுகோல் படிவங்களின் நகல்" என்று குறிப்பிட்டே கேளுங்கள். "அறிக்கை நகல்" என்று கேட்டால் திரும்பவும் அந்த ஒரு வரியைத்தான் தருவார்கள்.